பட்டாசு ஆலை விபத்தும் இழப்பீட்டு உரிமையும்: சிவகாசி வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மழை குறைந்த கரிசல் பகுதி, இந்தியாவின் பட்டாசு உற்பத்தி மையமாகும். நாட்டில் விற்கப்படும் பட்டாசுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இங்கு தயாராவதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. உரிமம் பெற்ற ஆலைகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. இத்தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல. விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கும் காயமடைந்தவருக்கும் உரிமை வழங்கும் சட்டங்களும் பல. ஆயினும் ஒரு விபத்து நடந்த மறுநாள், அந்தக் குடும்பம் தனக்கு உரியது எது, பிறர் மனமிரங்கிக் கொடுப்பது எது என்று பிரித்தறிய முடியாத நிலையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை விளக்குகிறது.

தொழில் வந்த வழி

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ணத் தீக்குச்சி, கம்பி மத்தாப்பு, வெடி என்று தொழில் விரிந்தது. அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாத மானாவாரிப் பூமியில், மழை பொய்த்தாலும் கூலி பொய்க்காத வேலையாகப் பட்டாசு அமைந்தது. இதை மறந்துவிட்டு இத்தொழிலைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. 'ஆபத்தான வேலைக்கு ஏன் போகிறார்கள்?' என்று வெளியூர்க்காரர் எளிதாகக் கேட்டுவிடுவார். காலையில் வாசலுக்கு வரும் ஆலை வேனில் ஏறும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

'ஓர் அறைக்கு நான்கு பேர்'

வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் கீழ் இன்று நடைமுறையில் இருப்பவை வெடிபொருள் விதிகள், 2008. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (சுருக்கமாகப் பெசோ) இவ்விதிகளை நடைமுறைப்படுத்துகிறது. அதற்குச் சிவகாசியிலும் அலுவலகம் உண்டு. ஓர் ஆலை கையாளும் மருந்தின் அளவைப் பொறுத்து உரிமம் வழங்கும் அலுவலர் மாறுவார். சிறிய ஆலைக்கு மாவட்ட நிர்வாகமும், அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெசோவின் சென்னை அலுவலகமும் நாக்பூர் தலைமையகமும் உரிமம் தருகின்றன. 'டி.ஆர்.ஓ. உரிமம்', 'சென்னை உரிமம்', 'நாக்பூர் உரிமம்' என்று இப்பகுதி மக்கள் பேசிக்கொள்வது இதைத்தான். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தனியே ஆய்வு செய்யும். வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, காவல் துறை ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

விதிகளின் உள்ளடக்கத்தை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். பட்டாசு ஆலை ஒரே பெரிய கட்டடமாக இருக்கக் கூடாது. சிறுசிறு அறைகளாக, ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அறையில் வைத்திருக்கும் மருந்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உராய்வில் பொறி பறக்கும் இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பும், உடலில் சேரும் நிலைமின்னை வெளியேற்ற வாசலில் செம்புத் தகடும் இருக்க வேண்டும். மரத்தடியிலோ தகர செட்டிலோ திறந்த வெளியிலோ உட்கார்ந்து மருந்து செலுத்துவது விதிமீறலாகும்.

இதில் 'நான்கு' என்ற எண்ணே சட்டத்தின் மையக் கருத்து. விபத்தே நடக்காது என்று சட்டம் நம்பவில்லை. வெடிஉப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், பேரியம் நைட்ரேட் போன்றவற்றைக் கலக்கும் இடத்தில் என்றாவது தீப்பிடிக்கலாம் என்று அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. கலந்து மீந்த மருந்தை மறுநாளுக்கு வைத்தால், அதில் ஈரம் பட்டு அலுமினியத்துடன் வேதிவினை ஏற்பட்டு, யாரும் தொடாமலே சூடேறித் தீப்பற்றவும் கூடும். அப்படி ஓர் அறை வெடித்தால் சேதம் அந்த அறையோடு நிற்க வேண்டும், அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதே இடைவெளிக்கும் ஆள் வரம்புக்கும் காரணம்.

ஆகவே ஒரே விபத்தில் இருபது பேர் இறந்தார்கள் என்ற செய்தி வரும்போது, அந்த எண்ணிக்கையே ஒரு சாட்சியம். நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆட்கள் இருந்திருக்கலாம், இடைவெளியில் மருந்து பரப்பப்பட்டிருக்கலாம், அறைகளுக்குள் அளவுக்கு மீறிய சரக்கு இருந்திருக்கலாம். எது என்பது விசாரணையில்தான் தெரியும். ஆனால் விதிகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்பட்ட ஆலையில் அத்தனை பேர் ஒரே வெடிப்பில் இறக்க வழியில்லை. 'எதிர்பாராத விபத்து' என்ற சொல்லை அங்கே தயங்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

சில விபத்துகள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதலில் எழுந்த புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்தினர், அடுத்து நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சிக்கினர். 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் குடியிருப்புப் பகுதிக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்தபோதும் இதே போலத்தான் நடந்தது. அங்கு இறந்த 23 பேரில் நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள். வேடிக்கை பார்க்கத் திரண்டவர்களும் பாதிக்கப்பட்டனர். பட்டாசு ஆலையில் தீ என்றால் அருகில் ஓடுவதல்ல, விலகி ஓடுவதே முதல் உதவி என்பதை இப்பகுதிப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில், ஆலையை ஒட்டிய இடத்தில் ஏற்பட்ட தீயில் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர், இருவர் இறக்கும் விபத்துகள் உள்ளூர்ப் பதிப்போடு நின்றுவிடுவதால் வெளியில் தெரிவதில்லை.

உள்குத்தகை

அச்சங்குளம் விபத்துக்குப் பின் அதிகம் பேசப்பட்ட சொல் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை, சில வேளைகளில் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக, வேறு சிலருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். எடுத்தவர் தம் ஆட்களைக் கொண்டு, தம் மருந்தைக் கொண்டு, தீபாவளிக்குள் முடிந்த அளவு சரக்கைத் தயாரித்துவிடப் பார்ப்பார். இது உரிம நிபந்தனைக்கு முற்றிலும் புறம்பானது. உரிமம் ஓர் ஆளையும் ஓர் இடத்தையும் நம்பித் தரப்படுவது. அது கைமாற்றும் சொத்து அன்று.

உள்குத்தகையால் பாதுகாப்பு கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட அதிகம் பேசப்படாத இன்னொரு கேடும் உண்டு. குத்தகைக்காரர் தம் ஆட்களைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. எழுதினால் குத்தகையே வெளிப்பட்டுவிடும். உரிமதாரரின் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. வருகைப் பதிவேடு, கூலிச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எதுவும் இல்லாத ஒருவர், சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளியாகிவிடுகிறார். உயிரோடு இருக்கும்வரை அதன் இழப்பு அவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பிடித்தம் இல்லாமல் கூலி முழுதாகக் கைக்கு வருவதால், சிலர் அதையே விரும்பவும் செய்கின்றனர். விபத்து நாளில்தான் அதன் விலை தெரியும்.

மூன்று வகைப் பணம்

விபத்துக்குப் பின் ஒரு குடும்பத்துக்கு மூன்று வழிகளில் பணம் வரலாம். பேச்சு வழக்கில் மூன்றையும் 'நிவாரணம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, அரசு அறிவிக்கும் தொகை. முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்தும் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்தும் இது வழங்கப்படும். கருணைத் தொகை என்பது இதற்குச் சரியான பெயர். அரசின் விருப்பப்படி அறிவிக்கப்படுவதால், இதன் அளவு விபத்துக்கு விபத்து மாறும்.

இரண்டாவது, ஆலை நிர்வாகம் பேசித் தரும் தொகை. அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில், உடலை வாங்க மறுத்து உறவினர்கள் அமர்ந்திருக்கும்போது, வருவாய் அலுவலரும் காவல் அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் நடுவில் நின்று பேசி முடிப்பது இது. ஈமச்சடங்குச் செலவு ரொக்கமாகவும் மீதி காசோலையாகவும் கொடுக்கப்படும். கையெழுத்து வாங்கும் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி சேர்க்கப்படுவதும் உண்டு.

மூன்றாவதுதான் சட்டப்படியான இழப்பீடு. இது யாருடைய கருணையும் அன்று. முதல் இரண்டும் கிடைத்துவிட்டன என்பதற்காக இது இல்லாமல் போவதில்லை.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் விபத்து ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இதன் அடிப்படை. முதலாளியின் தவறு என்று தொழிலாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. 'அவர் கவனக்குறைவாக மருந்தைத் தட்டினார்' என்று ஆலை தரப்பு சொல்வது வழக்கம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் இழப்பீட்டைத் தடுக்காது. தொழிலாளி பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால்கூட, மரணம் நேர்ந்தால் இழப்பீடு உண்டு.

கணக்கு எளியது. மரணத்துக்கு, மாதக் கூலியில் 50 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காடு. வயது குறைவாக இருந்தால் காரணி எண் கூடும். 40 வயதுக்கு அது 184.17. எடுத்துக்காட்டாக, மாதம் 12,000 ரூபாய் கூலி பெற்ற 40 வயதுப் பெண் ஒருவர் இறந்தால்:

6,000 × 184.17 = 11,05,020 ரூபாய்.

கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் மாதக் கூலிக்கு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பாக உள்ளது. ஒரு மாதத்துக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டில் பாதி வரை தண்டத் தொகையும் விதிக்கலாம்.

அந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். அவரே அதை மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பங்கிட்டு வழங்குவார். கையில் கொடுத்த பணம், மூன்று மாதக் கூலி அளவுக்கான முன்பணத்தைத் தவிர, இழப்பீடு கொடுத்ததாகவே கருதப்படாது. இப்படி விதித்ததற்குக் காரணம் உண்டு. துக்க வீட்டில் யார் பேசுகிறார், யார் கையில் பணம் போகிறது, சிறு குழந்தைகளின் பங்கு என்னவாகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். 17ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கும் ஒப்பந்தம் செல்லாது. பிணவறை வாசலில் போட்ட கையெழுத்து ஒரு குடும்பத்தின் வழக்கை முடித்துவிடுவதில்லை.

ஆலைக்குள் வேலை செய்தவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லியும் முதன்மை முதலாளி தப்ப முடியாது. தம் தொழிலின் பகுதியான வேலையைத் தம் இடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தால், இழப்பீட்டுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு. பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். உள்குத்தகை வழக்குகளில் தொழிலாளர் தரப்பு பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு இதுவே.

இனி, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 என்பதற்குள் சேர்க்கப்பட்டுள்ளன. தொழிற்சாலைகள் சட்டம் பணியிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்புக்குள் சென்றுவிட்டது. பிரிவு எண்கள் மாறியுள்ளன. தவறை நிரூபிக்காமலே இழப்பீடு என்ற கோட்பாடும், கூலியையும் வயதையும் வைத்துக் கணக்கிடும் முறையும் தொடர்கின்றன. அந்த நாளுக்கு முன் நடந்த விபத்துகளில் பழைய பிரிவுகளைக் கொண்டே பேச வேண்டியிருக்கும்.

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் நிலை

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு மேற்சொன்ன மொத்தத் தொகை கிடையாது. அதற்குப் பதிலாகச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு, சார்ந்தோர் உதவித்தொகையாக மாதந்தோறும் குடும்பத்துக்கு வரும். இந்த உரிமைக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே விபத்து நேர்ந்தாலும் பொருந்தும். வருங்கால வைப்பு நிதியில் இருந்தவர் பணிக்காலத்தில் இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டின் மூலம் 7 லட்சம் ரூபாய் வரை தனியே கிடைக்கும்.

மொத்தப் பணம் நல்லதா, மாத உதவி நல்லதா என்று கேட்போர் உண்டு. சிறு பிள்ளைகளோடு நிற்கும் விதவைக்கு, கடன்காரரும் உறவினரும் கைவைக்க முடியாத மாத வருமானமே பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் இரண்டில் ஒன்றையேனும் பெற, அவர் அந்த ஆலையின் தொழிலாளி என்று காட்ட வேண்டும்.

பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால்

பெயர் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது; நிரூபிப்பது கடினமாகும், அவ்வளவே. முதல் தகவல் அறிக்கையில் இறந்தவர் பெயரும் சம்பவ இடமும் இருக்கும். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கும். காயமடைந்தவராயின் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் கிடைக்கும். அதில் 'பட்டாசு ஆலையில் வேலை செய்தபோது' என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம், ஆலை வேன் ஓட்டுநரின் சாட்சியம், கூலி வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அதன் பதிவு, முன்பணம் எழுதிய சிறு நோட்டு ஆகியவையும் சான்றுகளே. இழப்பீட்டு ஆணையர் முன் நடப்பது குற்ற வழக்கு அன்று; ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம்.

குற்ற வழக்கு

விபத்து நடந்ததும் காவல் துறை பொதுவாக உரிமையாளர், மேலாளர், போர்மேன் ஆகியோர் மீது வழக்குப் பதிவு செய்யும். 2024 ஜூலை 1க்குப் பின் நடந்தவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் (106ஆவது பிரிவு) என்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது இரண்டாண்டு மட்டுமே. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்திருந்தால் 105ஆவது பிரிவின் கீழ்க் கடுமையான தண்டனை உண்டு. உரிம நிபந்தனைகளை மீறி வெடிபொருள் தயாரிப்பதற்கு வெடிபொருள் சட்டத்தின் 9-பி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை.

முதலில் கைதாவது பெரும்பாலும் போர்மேன்தான். அறைகளைக் கண்காணிப்பதும் மருந்தின் அளவைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு என்பது உண்மை. ஆனால் அவரும் கூலி வாங்குபவர். 'இன்று இத்தனை பெட்டி முடிய வேண்டும்' என்று தீர்மானிப்பவர் அவர் அல்லர். குற்ற வழக்கின் முடிவுக்காக இழப்பீட்டு மனுவை நிறுத்திவைக்க வேண்டியதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

நீதிமன்றங்கள் செய்தவை

சிவகாசி பெயரோடு இணைந்த மிக முக்கியமான வழக்கு, எம்.சி.மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து 1986இல் தொடுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்றது. 1991இல் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்தைச் செய்தித்தாளில் கண்டு நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. இறந்தோர் 39 பேர் என்று அரசு தெரிவித்தது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் அதே நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. குழந்தை வேலைக்குப் போவதன் வேர் வறுமை என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்ட இடம் அது. இன்று, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வெடிபொருள் சார்ந்த வேலையில் 18 வயது நிரம்பாத எவரையும் அமர்த்தக் கூடாது. பெரிய ஆலைகளில் குழந்தைகளைக் காண்பது அரிதாகிவிட்டது. வீடுகளில் திருட்டுத்தனமாகத் திரி சுற்றும், வெடி உருட்டும் இடங்களில்தான் கண் வைக்க வேண்டும். புகார் தெரிவிக்க 1098 என்ற எண் உண்டு.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய், காயமடைந்தோருக்குத் தீக்காயத்தின் அளவுக்கேற்பப் படிப்படியாகக் குறையும் தொகை என்று நிர்ணயித்தது. பிணவறை வாசலில் பேசி முடிக்கப்படும் தொகைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி, அபாயகரமான பொருளைக் கையாளும்போது நேரும் விபத்துக்கு ஐந்தாண்டுக்குள் மனுச் செய்யலாம். ஆனால் அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு, தவறை நிரூபிக்காமல் பொறுப்பாக்கும் விதியைத் 'தொழிலாளர் அல்லாத' நபர்களை மனத்தில் வைத்து எழுதியுள்ளது. முதலிப்பட்டியில் உதவ ஓடிவந்தவர்களைப் போன்றவர்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். தொழிலாளர் குடும்பங்கள் இழப்பீட்டு ஆணையர் வழியைக் கைவிட்டுவிடாமல் இருப்பது நல்லது.

தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கு, 2021 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 'எடுக்கலாம்' என்று விடையளித்தது.

பட்டாசு வெடிப்போர் தொடர்பான தீர்ப்புகளும் இத்தொழிலைப் பாதித்துள்ளன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அந்த நேரம் பிரிக்கப்பட்டது இதன் தொடர்ச்சியே. காற்றைக் காக்க வந்த தீர்ப்பு அது. சரவெடி பின்னிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்வியை யாரும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ளவில்லை.

நாடக்கூடிய இடங்கள்

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அங்கு அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழில் பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். தொலைபேசி எண் 15100.

ஓர் ஆலையின் உரிமம் யார் பெயரில் உள்ளது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, என்ன குறை கண்டறியப்பட்டது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். விடை தர 30 நாள் அவகாசம். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்தில் தர வேண்டும். வேலையில் இருக்கும்போதே செய்யக்கூடிய எளிய சோதனையும் ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. எண் கேட்டு வாங்கி, அதன் அட்டையில் முதலாளி என்று எந்த ஆலையின் பெயர் உள்ளது, சார்ந்தோர் பட்டியலில் மனைவி அல்லது கணவன், பிள்ளைகளின் பெயர்கள் சரியாக ஏறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், விபத்துக்குப் பின் அதைத் திருத்த மாதங்கள் ஆகும். வேலையில் இருக்கும்போது ஆலை அலுவலகத்தில் சொல்லியே திருத்திக்கொள்ளலாம்.